வளைக்காமல் பொருந்திய ஃபிரேம்

அந்த ஃபிரேம் அவள் முகத்தில் வளைக்காமலே பொருந்தியது. முதன்முதலில் தப்பாக நடந்தது அதுதான். ஆனால் அவளுக்கு அது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது.

இதில் என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்கலாம். மூக்குக் கண்ணாடிக் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்குத் தெரியும், எந்த ஃபிரேமும் எந்த முகத்திலும் முதல் தடவையே நேராக உட்காராது. ஒருத்தருக்கு இடது காது கொஞ்சம் மேலே இருக்கும். ஒருத்தருக்கு மூக்குத்தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். படைத்தவன் யாரையும் அளவுகோல் வைத்துப் படைக்கவில்லை. அதனால்தான் ஃபிரேமின் கால்களைச் சூடுமணல் தட்டில் புதைத்து, இளகியதும் எடுத்து, கட்டைவிரலால் நெளித்து, காதுக்குப் பின்னால் பதமாகக் கொண்டுபோய் உட்கார வைக்கிற வேலையே இருக்கிறது. "முகம் தப்பாகாது, தப்பெல்லாம் ஃபிரேம்லதான். வளைக்க வேண்டியது அதைத்தான்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அவள் புது ஃபிரேம் தேடியதற்குக் காரணம் முதலாளி.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்தார். தப்பான எதையோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம். "முன்னாடி உட்கார்றவங்க முகத்தைப் பாத்துத்தான் ஜனம் உள்ள வருது. உங்களப் பாத்தா கண் ஆஸ்பத்திரின்னு நெனச்சுத் தாண்டிப் போயிடறாங்க."

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மைனா களுக்கென்று சிரித்தாள். வாய் மூடாமல் பேசுவதால் அவளுக்கு மைனா என்று பெயர். கன்னம் இரண்டும் எண்ணெய் தடவாமலே மினுக்கும் வயது. முன் நாற்காலி இனி அவளுக்குத்தான் என்பது கடையின் சுவருக்கும் தெரிந்திருந்தது.

"அடுத்த மாசத்துலருந்து பின்னாடி பட்டறையில இருந்துக்குங்க. அங்க உங்கள யாரு பாக்கப் போறா?"

பட்டறை என்பது லென்ஸ் அறுக்கிற அறை. ஜன்னல் கிடையாது. சக்கரம் சுற்றுகிற கீச்சொலியும், தண்ணீரில் கரைந்த கண்ணாடித் தூளின் ஈர வாடையும், பட்டறைக்காரரின் இருமலும்தான் உண்டு. முன்னாலிருந்து பின்னால் போன யாரும் அங்கே நிலைத்ததில்லை. மூச்சுத் திணறித் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். போ என்று சொல்லாமலே போக வைக்கிற வழி முதலாளிக்குத் தெரியும்.

வீட்டில் சொன்னபோது தங்கை தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உனக்கு நாற்காலி போச்சுன்னா நமக்குத் தரையும் போயிடும்க்கா. மூஞ்சியக் கொஞ்சம் பாரு. நாப்பத்தெட்டு வயசுல அறுபது மாதிரி இருந்தா யாரு வெச்சுப்பா?"

"பார்லருக்குப் போக எங்க இருக்கு?"

"பார்லர் எதுக்கு? கை இல்லையா?"

ஆகவே கையாலேயே ஆரம்பித்தாள். தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ்ஷால் நரைக்குச் சாயம் ஏற்றினாள். தங்கையின் நூல்கண்டிலிருந்து நூலை அறுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டப் புருவம் திருத்தினாள். தீர்ந்துபோன உதட்டுச் சாயக் குழாயின் அடியைக் கொண்டை ஊசியால் சுரண்டி, விளக்கு வெப்பத்தில் இளக்கித் தடவினாள். ஃபிரிட்ஜில் வைத்த கரண்டி இரண்டைக் கண்ணுக்குக் கீழே அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஒரு புருவம் கேள்வி கேக்குது, இன்னொண்ணு பதில் சொல்லுது" என்றாள் தங்கை, எட்டிப் பார்த்து. பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "புருவத்த விடு. அந்தப் பழைய கண்ணாடியத் தூக்கிப் போடு. அதுதான் உன்னக் கெழவியாக்குது. கடையிலேயே இருக்க, ஒண்ணு கெடைக்காதா?" என்றாள்.

கிடைத்தது. பட்டறைச் சுவரோரம் ஒரு டிராயர் இருந்தது. முன்பணம் கொடுத்து, அளவு கொடுத்து, பிறகு வாங்கவே வராதவர்களின் கண்ணாடிகள் அதில் கிடக்கும். வருடக் கணக்கில் கிடந்தவற்றை வேலை செய்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம், முதலாளி கேட்க மாட்டார். அவள் கையை விட்டுத் துழாவியபோது அது தானாக விரலில் வந்து மாட்டியது. கருஞ்சிவப்பு நிறம். அகலமான வட்டம். கன்னத்தின் பாதி வரை இறங்குகிற பெரிய ஃபிரேம். போட்டாள். காதில் உறுத்தவில்லை. மூக்கில் நழுவவில்லை. தலையைக் குனிந்து உலுக்கினாலும் அசையவில்லை.

"என் பவரை இதுல ஏத்திக் கொடுங்கண்ணே" என்றாள்.

பட்டறைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத நீங்கதாம்மா அளந்தீங்க. ஞாபகம் இல்ல? கண்ணுக்குக் கீழ எறங்கி நல்லா மறைக்கணும், இன்னும் பெருசு, இன்னும் பெருசுன்னு கேட்டாங்களே ஒரு அம்மா."

"தெனம் எத்தன பேரு. மூஞ்சியெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"அவசரம்னாங்க. நான் ஒக்காந்து செஞ்சு வெச்சேன். வரவே இல்ல."

அவர் இருமிக்கொண்டே சக்கரத்தைப் போட்டார்.

முதல் வாரம் கொண்டாட்டமாகப் போயிற்று. உள்ளே வந்த பெண்கள் அவளைக் காட்டி, "அந்த மாதிரி ஃபிரேம் காட்டுங்க" என்றார்கள். மைனாவே சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, பத்து வருஷத்தை எங்க ஒளிச்சு வெச்சீங்க?" என்றாள், கொஞ்சம் புளித்த குரலில். முதலாளி முன்பக்க விளக்கை மாற்றி, இன்னும் பிரகாசமாக ஒன்றை அவள் தலைக்கு மேலே மாட்டச் சொன்னார். மாதம் பிறந்தது. பட்டறைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு முதுகெலும்பு வரை இனித்தது.

கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் போகவில்லை. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. கரண்டியை அழுத்தினாள், வலித்தது. கருவளையம் வலிக்குமா? தூக்கமில்லாததால் இருக்கும் என்று பவுடரை அப்பிக்கொண்டாள். ஃபிரேமின் அகலம் மற்றதை மறைத்துவிட்டது.

பிறகு பார்வை தடுமாறத் தொடங்கியது.

மாடிப்படி ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறின. சாயங்காலத்துக்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. வீட்டுக்கு வந்து பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அது ஒரு பக்கம் சாய்ந்து, மூக்கிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. இருபது வருடம் அவள் மூக்கில் குழி பறித்து உட்கார்ந்திருந்த கண்ணாடி. விரலால் மூக்கைத் தடவினாள். பழைய இரண்டு குழிகளும் தூர்ந்துபோயிருந்தன. அவற்றுக்கு உள்ளே, இன்னும் நெருக்கமாக, புதிதாக இரண்டு.

மறுநாள் பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். "கண்ணுக்குக் கண்ணு தூரத்தத் தப்பா வெச்சிட்டீங்க."

"அறுபத்தி நாலு மில்லி. இத்தன வருஷமா உங்களுக்கு அதுதானேம்மா? நீங்களே பாருங்க, சரியா வெச்சிருக்கேன்."

லென்ஸைச் சோதித்தாள். சரியாகத்தான் இருந்தது. மைனாவைக் கூப்பிட்டு உட்கார்ந்தாள். மைனா அளவுகோலை அவள் மூக்கின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி, கருமணியிலிருந்து கருமணிக்கு அளந்தாள்.

"அம்பத்தி ஒம்போது."

"ஒழுங்கா அள."

"ஒழுங்காத்தான் அளக்கறேன். அம்பத்தி ஒம்போதுக்கா. வயசானா கண்ணு நெருங்கிடுமோ என்னமோ." சிரித்தாள். "முகம் தப்பாகாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

வளர்ந்த பிறகு அந்தத் தூரம் மாறாது. குழந்தைகளுக்கு மாறும், அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து அம்பத்தொன்பது என்று அளவு வந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ அதையே செய்தாள். முகத்தைச் சந்தேகப்படவில்லை, லென்ஸைச் சந்தேகப்பட்டாள். அம்பத்தொன்பது வைத்து அறுத்துக் கொடுக்கச் சொன்னாள். இருபது வருடப் பழக்கம் அப்படி.

புது லென்ஸைப் போட்டதும் உலகம் சட்டென்று ஒன்றானது. எழுத்துகள் கூர்மையாக நின்றன. தலைவலி போன இடம் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் ஒரு வாடிக்கையாளர் மேல் தட்டிலிருந்து ஃபிரேம் எடுக்கக் கையைத் தூக்கினார். சாதாரணமாகத்தான் தூக்கினார். அவள் தோள் இரண்டும் காது வரை ஏறின, முழங்கை முகத்துக்கு முன்னால் வந்தது. நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் முட்டிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அவர், கை அந்தரத்தில் நிற்க.

"ஒண்ணும் இல்ல சார். ஒண்ணும் இல்ல."

குரல் மெலிந்து, மன்னிப்புக் கேட்கிற குரலாக வந்தது. அவள் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை.

அதற்குப் பிறகு உடம்பு தன் பாட்டில் எதையெதையோ செய்தது. கார்க் கதவு சாத்தப்படுகிற ஓசைக்குத் தலை தானாகக் குனிந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சு நின்று, யார் என்று தெரிந்த பிறகு வந்தது. தட்டைக் கழுவும்போது சத்தம் வராமல், ஒன்றோடொன்று உரசாமல், பஞ்சைப்போல அடுக்கினாள்.

"யாருக்குப் பயந்து இப்படி பூனையாட்டம் நடக்கற?" என்றாள் தங்கை. பிறகு அவளை விளக்கடியில் நிறுத்தி, உற்றுப் பார்த்து, முகம் மாறினாள். "யாருக்கா அடிச்சது?"

"யாரு அடிப்பா?"

"கண்ணுக்குக் கீழ. கருவளையம் பச்சையாவா மாறும்? ஓரத்துல மஞ்சள் பூத்திருக்கு. அடிபட்டு ஆறுற நெறம் எனக்குத் தெரியாதா?"

அவள் பவுடர் துடைத்த முகத்தைக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தாள். தங்கை சொன்னது நிஜம். ஆறிக்கொண்டிருந்த பச்சைக்கு மேலே, இன்னும் சூடாக, நீலமாக, புதிதாக ஒன்று கன்னிப்போயிருந்தது. நான்கு விரல் தடங்கள். ஒன்றில் மட்டும் குறுக்கே ஒரு கோடு. மோதிரம் பதிந்தால் அப்படி இருக்கும்.

"கழட்டிப் போடு அந்தக் கண்ணாடிய" என்றாள் தங்கை வாசலில் நின்று. குரலில் கேலி இல்லை. "பாக்கவே சரியில்ல. யாரோ வந்து வீட்டுல ஒக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

"கழட்டினா நாற்காலி போயிடும்."

"போனாப் போகட்டும்."

"தரையும் போகும்னு நீதானே சொன்ன?"

அன்றிலிருந்து தங்கை தன் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

கழற்றிப் பார்க்காமல் இல்லை. கழற்றினால் எல்லாம் மங்கின, முகம் மட்டும் மங்கவில்லை. அது அப்படியே இருந்தது. மேலும் மெலிந்த கன்னம். நெருங்கிய கண்கள். திருத்தாமலே திருத்தமாக இருந்த புருவம். அழகாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். பகலில் அவள் தெருவைப் பார்ப்பாள், தெரு அவளைப் பார்க்கும். இருட்ட ஆரம்பித்து, தலைக்கு மேல் அந்தப் புது விளக்கு எரியத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடும். வெளியே நிற்கிறவர்களுக்கு அவள் பளிச்சென்று தெரிவாள். உள்ளே இருக்கிற அவளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, கண்ணாடியில் அவள் முகம்தான் தெரியும். இத்தனை வருடத்தில் அதை அவள் யோசித்ததே இல்லை.

எதிர்ச்சாரியில், மூடிய கடையின் படியில் ஒரு ஆள் நின்றிருந்ததை முதலில் மைனாதான் சொன்னாள்.

"அக்கா, உங்க ரசிகர் வந்துட்டாரு."

"யாரு?"

"தெரியல. தெனம் சாயங்காலம் அங்க நிக்கறாரு. அசையறதே இல்ல. இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு." கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். "கொடுத்து வெச்சவங்க."

மறுநாள் சாயங்காலம் அவன் படியில் இல்லை, நடைபாதை விளிம்பில் நின்றான். அதற்கு மறுநாள் தெருவுக்கு இந்தப் பக்கம். முகம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, நிதானமான தோள்கள், எதற்கும் அவசரப்படாத நிற்பு. ஒவ்வொரு நாளும் அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் குறையும், விளக்கு எரியும், கண்ணாடியில் அந்தப் பெண் வந்து அவனை மறைத்துவிடுவாள்.

"சார், நாளைக்கு நான் பின்னாடி பட்டறையிலேயே இருக்கேனே" என்றாள் முதலாளியிடம்.

அவர் நிமிர்ந்து பார்த்து, ஏதோ தயங்கி, "நீங்க..." என்றார். யோசித்தார். "நீங்க முன்னாடியே உட்காருங்க. வியாபாரம் நல்லா இருக்கு." அவளை 'அம்மா' என்று அழைக்கவில்லை. புதிதாக வந்த ஒருத்தியோடு பேசுகிற மரியாதை அந்தக் குரலில் இருந்தது.

அடுத்த நாள் மழை தூறியது. விளக்கு எரிந்தது. வழக்கம்போல் தெரு மறைந்து, கண்ணாடியில் அவள் மட்டும் இருந்தாள். மைனா போனைக் காதில் வைத்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பட்டறைச் சக்கரம் நின்றிருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது.

கண்ணாடியில், அவள் முகத்துக்கு நேரே, வெளிப்பக்கம், சிறிதாக ஒரு வெண்மை படர்ந்தது.

மூச்சு.

சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

அவள் எழவில்லை.

கதவின் மணி ஒலித்தது. முதலில் வந்தது வாடை, ஈரச் சட்டையும் சவர லோஷனும் கலந்தது. அவளுக்கு அந்த வாடை தெரியாது. அவள் உடம்புக்குத் தெரிந்தது.

அவன் ஃபிரேம்கள் எதையும் பார்க்கவில்லை. நேராக வந்தான். அவள் எத்தனையோ முகங்களுக்குச் செய்ததைப்போலவே, கட்டைவிரலால் அவள் தாடையைத் தாங்கி, விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தான். விரலில் மோதிரம் சில்லென்றிருந்தது.

"நல்லா ஒக்காந்திருக்கு" என்றான் மெதுவாக. "அப்ப இந்தக் கண்ணாடி வாங்கத்தான் போன?"

"யாரு சார் வேணும்?" என்று முதலாளி உள்ளேயிருந்து வந்தார்.

"என் வீட்டுக்காரி. சொல்லாமக் கெளம்பி வந்துட்டா."

"ஓ, உங்க வீட்டம்மாவா?" முதலாளி பல்லைக் காட்டினார். "ரொம்ப நேரமா இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. ஏதாவது பாக்கறாங்களோன்னு நெனச்சேன்."

"சார்" என்றாள் அவள். "நான் சார். நான் இங்க வேலை பாக்கறவ."

முதலாளி சங்கடமாக அவனைப் பார்த்தார். அவன் தலையை லேசாக ஆட்டினான், இப்படித்தான் பேசுவாள் என்பதுபோல.

"மைனா! நீ சொல்லு. நான்தானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்!"

மைனா போனைக் காதிலிருந்து எடுத்தாள். அவள் கண்ணில் கேலி இல்லை, ஏமாற்று இல்லை, முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வைதான். "அக்கா காலையிலருந்து வரல சார்" என்றாள் முதலாளியிடம். "அவங்க தங்கச்சிதான் லைன்ல. நேத்திலருந்து வீட்டுக்கும் வரலையாம். அழறாங்க."

"நான் நேத்து வீட்லதான் இருந்தேன்! தங்கச்சி கதவைத் தெறக்கல, நான் வெளிய நின்னு தட்டி—"

நின்றுவிட்டாள். ராத்திரி தாழ் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து தங்கை கேட்டது ஞாபகம் வந்தது. யாரு நீங்க?

சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள். வட்டம், சதுரம், கைப்பிடி வைத்தது. எல்லாவற்றிலும் ஒரே பெண். எல்லோருக்கும் இடது கண்ணின் கீழ் நீலம்.

"வா" என்றான் அவன்.

"சார், கூட்டிட்டுப் போக விடாதீங்க. சார்!"

"குடும்ப விஷயம்மா" என்றார் முதலாளி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு. "வீட்ல போய்ப் பேசிக்குங்க."

மழை. ஈரத் தார். முழங்கைக்கு மேலே அவன் பிடி. இறுக்கமில்லை. இறுக்க வேண்டிய தேவை இல்லாத பிடி. கார். கதவு சாத்திய ஓசை. தலை குனிந்தது. மறுபக்கக் கதவு. பூட்டு விழுந்த கிளிக்.

நனைந்த ஜன்னல் வழியே கடை தெரிந்தது, மேடையைப்போலப் பளிச்சென்று. மைனா காலியான முன் நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள். தூசி தட்டினாள். உட்கார்ந்தாள்.

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. அவள் பக்கம் திரும்பினான். இரண்டு கையாலும், காது நோகாமல், மூக்கில் உரசாமல், அவ்வளவு பக்குவமாக அந்தக் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியால் ஈரத்தைத் துடைத்தான். கால்களை மடித்தான். தன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

"ஒடைஞ்சா மறுபடி செய்யணும்" என்றான்.

அவள் கத்த வாயைத் திறந்தாள். கழுத்தைப் பின்னுக்கு இழுத்தாள். கதவின் கைப்பிடியைத் தேடினாள். அவளால் ஆனதெல்லாம் செய்தாள்.

முகம் மட்டும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. கண்கள் தாமாகவே மூடின. உதடுகள் பல்லின் மேல் இறுகின. நெடுநாள் பழக்கம்போல், இடது கன்னம் மெல்லத் திரும்பி, அவன் கைக்கு வசதியாக நின்றது.